ஈட்டிக்கானலில் அடித்த கோல்

போடிமெட்டுக்கு அப்பால், குதிரைப்பாறை ஏலத்தோட்டத்தில் கன்னையனை அறியாதவர்கள் கிடையாது. அவன் கங்காணியும் அல்ல, கணக்கப்பிள்ளையும் அல்ல. சருகு கழிக்கிற, மூட்டை சுமக்கிற கூலியாள்தான். ஆனால் அவன் காலில் பந்து சிக்கினால் எதிர்த் தோட்டத்துக்காரனுக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும் என்று கூலியாட்கள் குடியிருக்கும் லயத்தில் பேசிக்கொள்வார்கள்.

சிலமலையில் மழை பொய்த்த வருசம் அவன் மலையேறினான். பெண்டாட்டி செல்லத்தாய் கூட வந்தாள். தாய் தகப்பன் இல்லாத தன் தம்பி ஜக்கையனை ஊரில் விட்டுவிட்டு வர அவளுக்கு மனசில்லை. அவனையும் இழுத்துக்கொண்டு வந்தாள். மூன்று பேரும் ஒப்பந்தத்துக்கு ரேகை வைத்தார்கள். லயத்தில் கிடைத்த ஒரே அறையில், நடுவில் சாக்குத் திரை கட்டிக் குடியிருந்தார்கள்.

பெரிய சண்டை முடிந்து பட்டாளத்திலிருந்து வந்த லாம்பர்ட் துரைதான் தோட்டத்துக்குத் தோல் பந்தைக் கொண்டுவந்தார். மலை மேலிருந்த தோட்டங்கள் எல்லாம் அப்போது பந்துப் பைத்தியம் பிடித்துக் கிடந்தன. துரைமார்கள் கூடி ஆட்டத்தை இரண்டு வகுப்பாகப் பிரித்திருந்தார்கள். முதல் வகுப்பில் பெரிய தேயிலைத் தோட்டங்கள் ஆடும். அதற்குத் துரைமார் கிளப்பின் புல்வெளி மைதானம். இரண்டாம் வகுப்பு ஏலத்தோட்டங்களுக்கு. அதில் ஆடுகிறவர்கள் கூலியாட்கள், வெறுங்காலில், சரிவை வெட்டிச் சமப்படுத்திய மண் களங்களில். தை மாசம் தொடங்கும் ஆட்டம் கோடை மழை இறங்குவதற்குள் முடிந்துவிடும். இரண்டாம் வகுப்பில் முதலில் வருகிற தோட்டம் மறுவருசம் முதல் வகுப்புக்கு ஏறும்.

"ஏறுனா நாமதான் அங்க ஆடுவோம், மாப்ளே" என்று கன்னையன் ஜக்கையனிடம் சொல்வான். "புல்லு மெத்தை மாதிரி இருக்குமாம். விழுந்தாக்கூட முட்டி பேராதாம்."

"நீ முன்னாடி அடிச்சுக்கிட்டே இரு மச்சான். பின்னாடி ஒண்ணையும் உள்ள விடாம நான் பாத்துக்கிறேன்" என்பான் ஜக்கையன்.

சொன்னபடியே செய்தான். ஆள் ஒடிசல், கை மட்டும் நீளம். கம்பத்துக்கும் கம்பத்துக்கும் நடுவே வெருகு மாதிரிப் பாய்வான். தையிலும் மாசித் தொடக்கத்திலும் குதிரைப்பாறை ஆடிய ஆட்டங்களில் ஒன்றில்கூடத் தோற்கவில்லை. ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் துரை களத்துக்குள் இறங்கி வந்து கன்னையன் முதுகில் தட்டினார். கன்னையனுக்கு அந்த வாரம் முழுவதும் முதுகு சூடாகவே இருக்கும்.

இதில் வயிறெரிந்தவர்களும் உண்டு. ஆட்டக்காரர்களைச் சாயங்காலம் பழகுவதற்காக முன்னதாக விட்டுவிடுவார்கள். அவர்கள் விட்டுப்போன வேலை யார் தலையிலாவது விழும். பெரும்பாலும் பெண்கள் தலையில். கன்னையன் பங்குச் சருகைச் செல்லத்தாய் கழித்தாள். இருட்டுக்கு முன் முதுகைப் பிடித்துக்கொண்டு அவள் லயத்துக்கு வரும்போது அவன் காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

"ஓங் காலுக்கு எண்ணெய் இருக்கு. எங் கையிக்குத்தான் ஒண்ணுமில்லே" என்பாள் அவள். அவன் சிரிப்பான். அவளும் சில நாள் சிரித்தாள்.

மாசி நடுவில் தூரத்துத் தோட்டம் ஒன்றில் ஆடிவிட்டுத் திரும்பும்போது வழியில் மழை பிடித்துக்கொண்டது. திங்கட்கிழமை காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு ஆட்டக்காரர்கள் எல்லாருமே பிந்திப் போனார்கள். கங்காணி சோலைமலை பிரம்போடு நின்றான். கன்னையனைப் பார்த்து, "நீ ரெண்டு கோல் போட்டவன், போ" என்றான். ஜக்கையனிடம் மட்டும், "எங்கடா படுத்துக் கெடந்தே?" என்று எகிறினான்.

"எல்லாரும் வந்த வழியிலதான் நானும் வந்தேன் கங்காணி. என்னைய மட்டும் கேக்குறீக?"

எதிர்ப் பேச்சுப் பேசினால் சோலைமலைக்குக் கை சும்மா இருக்காது. பிரம்பு ஜக்கையன் தோளிலும் முதுகிலும் விழுந்தது. களத்தின் ஓரத்தில் துரை குதிரை மேல் உட்கார்ந்திருந்தார். பார்த்தார். சுருட்டுப் பற்ற வைத்துக்கொண்டு குதிரையைத் திருப்பினார். கன்னையன் வரிசையில் நின்றபடி தன் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நேத்து கை தட்டுன துரைதான மச்சான் அது?" என்று கேட்டான் ஜக்கையன், அன்று வேலைக்காட்டில்.

"நீ வாயக் குடுத்திருக்கக் கூடாதுடா."

அந்த வாரமே ஜக்கையன் காணாமல் போனான். ஓடைக்கு அந்தப் பக்கம் இருந்த ஈட்டிக்கானல் தோட்டத்தில் இருக்கிறான் என்று இரண்டொரு நாளில் தகவல் வந்துவிட்டது. ரேகை வைத்தவன் ஓடிப்போனால் பிடித்துக் கொடுப்பது தோட்டங்களுக்குள் வழக்கம். ஆனால் ஈட்டிக்கானல் துரைக்குக் கம்பம் காக்க நல்ல கோலி இல்லாத குறை. ஜக்கையனைக் கொடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

தம்பி அடி வாங்காத இடத்தில் இருக்கிறான் என்று செல்லத்தாய்க்கு நிம்மதி. கன்னையனுக்குத்தான் ஆறவில்லை. ஓடியதுகூட அவனுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. ஓடிப்போனவன் அங்கே போய்க் கம்பத்துக்கு நடுவே நிற்கிறான், இன்னொரு தோட்டத்துக்காக விழுந்து புரள்கிறான் என்பதுதான் உறுத்தியது. ஜக்கையன் போன பிறகு குதிரைப்பாறை ஓர் ஆட்டம் தோற்றது. ஈட்டிக்கானல் தோற்கவே இல்லை.

பங்குனிக் கடைசியில் பார்த்தால் இரண்டு தோட்டமும்தான் மேலே நின்றன. மிச்சம் இருந்தது ஒரே ஆட்டம், அதுவும் அவர்கள் இருவருக்கும் நடுவில், ஈட்டிக்கானல் களத்தில். குதிரைப்பாறை ஜெயித்தால் முதல் வகுப்பு அவர்களுக்கு. சரிசமமாக முடிந்தாலே போதும், ஈட்டிக்கானல் ஏறிவிடும்.

ஒரு நாள் பெரட்டு முடிந்ததும் சோலைமலை கன்னையனைத் தனியே அழைத்தான்.

"சங்கதி தெரியுமா? கிளப்புல வச்சு ரெண்டு துரையும் பேசி முடிச்சிட்டாக. நாம செயிச்சா ஒம் மச்சினனத் திருப்பிக் குடுத்துருவாக. செயிக்கலேன்னா நம்ம துரை அவன் ஒப்பந்தத்தக் கிழிச்சிப் போட்டுருவாரு. அவன் பாட்டுக்கு அங்கனயே இருந்துக்கலாம்."



"வந்தான்னா பள்ளத்துக் காட்டு வெட்டுக்குத்தான்" என்றான் சோலைமலை, உற்சாகமாக. புதிதாக ஏலம் வைக்க மரம் வெட்டிக்கொண்டிருந்த இடம் அது. கொசுவும் அட்டையும் மொய்க்கிற பள்ளம். போனவர்களில் பாதிப்பேர் காய்ச்சலோடுதான் திரும்பினார்கள். "அவன விடு. நீ செயிச்சுக் குடு. ஒனக்குக் கீழ ஒரு பத்து ஆளு குடுக்கச் சொல்லி நானே துரைகிட்டச் சொல்லுறேன்."

லயத்தில் இந்தப் பேச்சு அதற்குள் பரவியிருந்தது. மறுநாள் காலை ஓடையில் துணி அலசிக்கொண்டிருந்த செல்லத்தாய், குளிக்க வந்த கன்னையனைப் பார்த்ததும் கையிலிருந்ததைக் கல்லில் வைத்தாள்.

"நெசமாய்யா? எந் தம்பியப் பணயம் வச்சா ஆடுறாக?"

"துரைமாரு பேசுனது. நான் என்ன செய்ய?"

"நீ செய்யாம வேற யாரு செய்வா? நீ கோல் போடலேன்னா இந்தத் தோட்டத்துல எவன் போடுவான்?"

அந்த இடத்திலும் அந்தச் சொல் அவனுக்கு இனித்தது. அதை மறைக்க முகத்தில் தண்ணீரை அள்ளி அடித்துக்கொண்டான்.

"வெளிய அடிச்சிரு" என்றாள் அவள். "பந்து வளுக்கிருச்சுன்னு சொல்லு. கால் சுளுக்கிருச்சுன்னு சொல்லு. ஒன்னைய நான் இதுவரைக்கும் ஒண்ணும் கேட்டதில்லே. ஓஞ் சோலியவும் சேத்துப் பாத்தேன். கேட்டேனா?"

"இல்லே."

"அந்தப் பள்ளத்துக்குள்ள போனா அவன் முளுசாத் திரும்ப மாட்டான்யா."

"சரி புள்ள. அடிக்கலே. போதுமா?"

"எந் தலையில அடிச்சுச் சொல்லு."

ஈரக் கையை அவள் தலைமேல் வைத்தான். மனதார வைத்தான். அவனிடம் அந்த நேரத்தில் கள்ளம் எதுவும் இருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு தோட்டத்து சனமும் ஈட்டிக்கானல் களத்தைச் சுற்றிச் சரிவில் ஏறி உட்கார்ந்திருந்தது. துரைமார்களுக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். ஆட்டம் தொடங்குமுன் கன்னையன் பக்கத்தில் வந்து நின்றான் ஜக்கையன். கொஞ்சம் சதை பிடித்திருந்தான்.

"அக்கா சொல்லி அனுப்புச்சு மச்சான்" என்றான் மெதுவாக. அவ்வளவுதான். கண்ணில் சிரிப்பு இருந்தது. தன் கம்பங்களுக்கு நடுவே போய் நின்றுகொண்டான்.

முதல் பாதியில் கன்னையன் வாக்கைக் காப்பாற்றினான். பந்து இரண்டு முறை தோதாக வந்தது. ஒன்றைக் கம்பத்துக்கு மேலே தூக்கி அடித்தான். இன்னொன்றைத் தடுமாறியவன்போல விட்டுவிட்டான். குதிரைப்பாறைக்காரர்கள் சும்மா இருப்பார்களா?

"மச்சினனுக்கு விருந்து வைக்கிறான்டோய்!" என்று ஒருவன் கத்தினான். சரிவெல்லாம் சிரித்தது. லாம்பர்ட் துரை நாற்காலியை விட்டு எழுந்து, தொப்பியைத் தொடையில் அடித்துக்கொண்டு ஏதோ கூவினார். இடைவேளையில் துரை அவன் பக்கம் வரவே இல்லை. மற்றவர்களிடம் பேசிவிட்டு, அவனைத் தாண்டி நடந்து போனார்.

இரண்டாம் பாதியும் இப்படியே கழிந்தது. இரண்டு பக்கமும் கோல் விழவில்லை. விசில்காரத் துரை கடிகாரத்தை எடுத்துப் பார்த்தார். இன்னும் கொஞ்ச நேரம் இழுத்துப் பிடித்தால் ஜக்கையன் தப்பினான். அதை ஜக்கையனும் உணர்ந்திருக்க வேண்டும். கம்பத்தை விட்டு இரண்டு எட்டு முன்னே வந்து, இடுப்பில் கை வைத்து நின்றான்.

அப்போது வலது ஓரத்திலிருந்து யாரோ அடித்த பந்து ஒருவன் தோளில் பட்டு, சுழன்று, கன்னையனுக்கு நேர் முன்னால் இறங்கியது. தரையில் ஒரு தடவை குதித்து முழங்கால் உயரத்துக்கு எழும்பியது. அப்படி ஒரு பந்து ஆட்டக்காரனுக்கு எப்போதாவதுதான் வாய்க்கும். இடது கம்பத்தோரம் திறந்து கிடந்ததைக் கன்னையன் கண்டான். செல்லத்தாயை அவன் மறக்கவில்லை. அவள் தலைமேல் வைத்த கையின் ஈரம்கூட ஞாபகத்தில் இருந்தது. இருந்தும் கால் எழுந்தது.

பந்து தரையோடு சீறிக்கொண்டு போய் மூலையில் நுழைந்தது. ஜக்கையன் பாயக்கூட இல்லை. பாய வேண்டி வரும் என்று அவன் நினைத்திருக்கவில்லை.

கன்னையன் இரண்டு கையையும் வானத்துக்குத் தூக்கினான். தொண்டை கிழியக் கத்தினான். ஓடி வந்தவர்கள் அவன் மேல் விழுந்து புரண்டார்கள். மண்ணுக்கும் வேர்வைக்கும் அடியில் கிடந்த அந்தச் சற்று நேரம், பிறந்ததிலிருந்து அறியாத சந்தோசம் அவனுக்கு. எழுந்து நின்று, பந்தை எடுத்துக்கொண்டு தலைகுனிந்து வருகிற ஜக்கையனைப் பார்த்த பிறகுதான் என்ன நடந்தது என்பது உறைத்தது.

பொழுது சாய்வதற்குள் தோட்டக் காவல்காரர்கள் இரண்டு பேர் ஜக்கையனை ஓடை தாண்டி அழைத்து வந்துவிட்டார்கள். கன்னையனைத் தோளில் தூக்கிக்கொண்டு போன கூட்டத்துக்குச் சற்றுப் பின்னால் அவர்கள் வந்தார்கள். தாரையும் தப்பட்டையும் முன்னே முழங்கிப் போக, ஓடிப்போனவன் பின்னே நடந்தான். லயத்து வாசலில் நின்ற செல்லத்தாய் முன்னால் வந்த கூட்டத்தை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. கடைசியில் வந்த தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வளுக்கிருச்சு புள்ள" என்றான் கன்னையன், வீட்டுக்குள் வந்ததும்.

"நான் சரிவுலதான் உக்காந்திருந்தேன்" என்றாள் அவள்.

அன்றைக்கு அப்புறம் அவள் அவனுக்குச் சோறு போட்டாள், துணி துவைத்தாள். பேசுவது மட்டும் நின்றுபோனது. ஜக்கையன் சோலைமலை சொன்னபடியே பள்ளத்துக் காட்டு வெட்டுக்குப் போனான்.

முதல் வகுப்புக்கு ஏறிய சேதி கிளப்பிலிருந்து வந்தது. தோட்டத்தில் ஆடு வெட்டினார்கள். துரை எல்லாருக்கும் முன்னால் கன்னையன் கையைக் குலுக்கினார். மழைக்காலம் கழிந்து காய் எடுப்பும் முடிகிற வரை அவன் அந்தப் புல்வெளியைத்தான் நினைத்துக்கொண்டிருந்தான். பேசாத பெண்டாட்டியையும், சாக்குத் திரைக்கு அந்தப் பக்கம் இருமிக்கொண்டு கிடக்கிற மச்சினனையும் மறக்க அது ஒன்றுதான் அவனுக்கு இருந்தது.

மார்கழியில் புதிய ஆட்டக்காரர்கள் பழக வந்தார்கள். ஆபீஸ் கிளார்க்குகள் நாலு பேர், ஸ்டோர் ரைட்டர், பக்கத்துத் தோட்டங்களிலிருந்து சின்னத் துரைகள். எல்லார் காலிலும் பூட்ஸ். கூலியாட்களில் ஒருத்தன்கூட அதில் இல்லை. கன்னையன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு துரையின் முன்னால் போய் நின்றான். துரை கணக்கப்பிள்ளையிடம் இங்கிலீசில் இரண்டு வார்த்தை சொன்னார்.

"அது துரைமாரு கிளப்பு மைதானம்" என்றார் கணக்கப்பிள்ளை. "வெறுங்கால் ஆளுகள உள்ள விட மாட்டாக. ஒனக்கே தெரியும்ல?"

"பூட்சு குடுங்கய்யா. போட்டுக்கிட்டு ஆடுறேன்."

"பூட்சு போட்டுட்டா கூலி துரையாயிருவானா? போப்பா. கோடு போடச் சுண்ணாம்பு கரைக்கணும், ஆளில்லேன்னாக. நீ போ."

பத்து ஆளுக்குக் கங்காணி ஆகிற பேச்சை அவன் சோலைமலையிடம் எடுத்தான். அந்த வேலை சோலைமலையின் மருமகனுக்குப் போய் நாளாகியிருந்தது.

கன்னையன் சுண்ணாம்பு கரைத்தான். கிளப் மைதானத்தில் கயிறு பிடித்துக் கோடும் போட்டான். புல் மெத்தை மாதிரிதான் இருந்தது. ஆட்டம் தொடங்குமுன் அவனை வேலிக்கு வெளியே போகச் சொன்னார்கள். அங்கிருந்தபடி குதிரைப்பாறை தோற்பதைப் பார்த்தான். அந்த வருசம் அவர்கள் ஒன்றில்கூட ஜெயிக்கவில்லை.

மாசியில் ஜக்கையன் எழுந்திருக்க முடியாமல் விழுந்தான். குளிர் வந்து ஆட்டினால் கட்டிலே அதிர்ந்தது. கொயினா மருந்து கொடுத்துப் பார்த்தார்கள், கேட்கவில்லை. வேலைக்கு ஆகாதவன் லயத்தில் எதற்கு, கொண்டுபோய்விடுங்கள் என்று தோட்டத்திலேயே சொல்லிவிட்டார்கள். ஒப்பந்தத்தைப் பற்றி ஒருத்தரும் பேச்செடுக்கவில்லை.

மூங்கிலில் போர்வையைக் கட்டித் தூளியாக்கி, முன்னால் கன்னையனும் பின்னால் பக்கத்து அறைக் காசிமாயனும் தூக்க, செல்லத்தாய் மூட்டையோடு பின்னால் வர, போடிமெட்டு வழியாக இறங்கினார்கள். பாதி வழியில் இறக்கி வைத்துத் தண்ணீர் குடித்தார்கள். காசிமாயனும் செல்லத்தாயும் சற்றுத் தள்ளி உட்கார்ந்திருந்தார்கள். ஜக்கையன் கண்ணைத் திறந்தான்.

"மாப்ளே" என்றான் கன்னையன். "வேணும்னு அடிக்கலடா. பந்து வந்திருச்சு."

"தெரியும் மச்சான். எனக்கு வந்திருந்தா நானும் அடிச்சிருப்பேன்." மூச்சு வாங்கிக்கொண்டான். "அடிச்சத நான் அன்னைக்கே விட்டுட்டேன். அடிச்சிட்டு எங் கண்ணு முன்னாடியே ரெண்டு கையையும் தூக்குனே பாரு... அதத்தான் மச்சான் என்னால விட முடியலே."

போடிக்கு வந்து, வண்டி பிடித்து, சிலமலையில் சித்தப்பன் வீட்டில் ஜக்கையனைப் படுக்க வைத்தார்கள். வைத்தியர் நாடி பார்த்துவிட்டு, உயிருக்குப் பயமில்லை, ஆனால் இனி பாரமான வேலைக்கு இந்த உடம்பு ஆகாது என்றார். மருந்துக்குத் தேன் குழைத்துக்கொண்டிருந்த செல்லத்தாய் அதைக் கேட்டுவிட்டுத் தொடர்ந்து குழைத்தாள்.

மறுநாள் காலை கன்னையன் கிளம்ப நின்றான். "நீ எப்ப வர்றே?" என்று கேட்டான்.

வெகு நாளைக்குப் பிறகு அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். "நான் வரலே. நீ போ" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. வாசலில் நிற்கிற அசலூர்க்காரனுக்கு வழி சொல்வதுபோலச் சொன்னாள்.

அவன் தனியே மலையேறினான். சுமைகாரர்கள் இளைப்பாறும் வளைவில், ஏலமூட்டைகளை இறக்கி வைத்துவிட்டு வேறு தோட்டத்து ஆட்கள் சிலர் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவன் கன்னையனை உற்றுப் பார்த்தான்.

"அண்ணே, நீங்க குதிரைப்பாறை ஆளுதான? போன வருசம் ஈட்டிக்கானல்ல கடைசிக் கோல் போட்டது நீங்கதான? நான் சரிவுல உக்காந்து பாத்தேண்ணே! எப்பிடிண்ணே அது?"

கன்னையன் போய்விடத்தான் நினைத்தான். ஆனால் அவர்கள் நகர்ந்து இடம் விட்டார்கள், வெற்றிலையை நீட்டினார்கள். உட்கார்ந்தான்.

"வலது பக்கமிருந்து வந்துச்சு" என்றான். "ஒருத்தன் தோள்ல பட்டுச் சுத்திக்கிட்டே எறங்குச்சு. ஒரு குதி குதிச்சுச்சு பாரு, இந்தா, இம்புட்டு ஒசரம்..." கையால் காட்டினான். சொல்லச் சொல்ல அவன் முகம் மலர்ந்துகொண்டே வந்தது. எழுந்து நின்று காலை வீசியும் காட்டினான். அவர்கள் கை தட்டினார்கள்.

"கோலியும் லேசுப்பட்ட ஆளில்லையேண்ணே. யாரு அவன்?"

கன்னையன் வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டான்.

"அவனா? ஈட்டிக்கானல் ஆளு" என்றான். "பேரு தெரியலே."